ஆறு இடிஎஃப் இருக்கு, பணம் பிரிஞ்சிருக்கா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல இடிஎஃப் (பங்கு மாதிரியே சந்தைல வாங்கி விக்கற ஃபண்டு) பத்தி நாலு வரி எழுதினதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு எதிர்பார்க்கல. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, ஒரே மாதிரி வந்த கேள்விகளை சேர்த்து இங்க பதில் சொல்லிருக்கேன்.

நான் கோயம்புத்தூர்ல ஒரு ஐடி கம்பெனில வேலை பாக்குறேன் சார், வயசு 29. பணத்தை ஒரே இடத்துல வைக்கக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு ஆறு இடிஎஃப் வாங்கிருக்கேன். வேற வேற கம்பெனியோட நிஃப்டி 50 இடிஎஃப் மூணு, ஒரு பேங்க் இடிஎஃப், ஒரு ஐடி இடிஎஃப், அப்புறம் பாரத் 22. இது நல்லா டைவர்சிஃபை ஆன போர்ட்ஃபோலியோதானே?

இல்ல தம்பி. நிஃப்டி 50-ங்கறது நம்ம பங்குச்சந்தைல 50 பெரிய கம்பெனிகளோட பட்டியல், மூணு நிஃப்டி 50 இடிஎஃப்லயும் உள்ள இருக்கறது அதே 50 கம்பெனிங்க, அதே விகிதத்துல. ஒரே குண்டான் சோத்தை மூணு தட்டுல போட்டா சோறு கூடிடாது. ஃபண்ட் கம்பெனி பேருதான் மாறுது, பங்கு மாறல.

அடுத்தது பேங்க் இடிஎஃப். நிஃப்டி 50 எப்படி அமைச்சிருக்காங்கன்னா, 50 கம்பெனிக்கும் சமமா ஆளுக்கு ரெண்டு சதவீதம்னு கெடையாது, சந்தைல வாங்கி விக்கக் கெடைக்கற பங்குகளோட மதிப்பை வச்சு பெரிய கம்பெனிக்கு பெரிய பங்கு. அதனால நிஃப்டில மூணுல ஒரு பங்குக்கு மேலயே பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனிங்கதான். நீங்க நிஃப்டி வாங்கினப்பவே பேங்க் நெறைய வாங்கிட்டீங்க, அது மேல தனியா ஒரு பேங்க் இடிஎஃப்னா அதே பந்தயத்தை ரெண்டாவது தடவை கட்டுறீங்க. பாரத் 22 அரசு சம்பந்தப்பட்ட கம்பெனிங்க, அதுலயும் எஸ்பிஐ, என்டிபிசி, எல்&டி, ஐடிசின்னு நிஃப்டில ஏற்கெனவே இருக்கற பேருங்க நெறைய வரும்.

ஐடி இடிஎஃப்தான் என்னை அதிகமா யோசிக்க வைக்குது. உங்க சம்பளம் ஐடில இருந்து வருது. அந்தத் துறைக்கு ஒரு கெட்ட வருஷம் வந்தா இன்க்ரிமென்ட் நிக்கும், வேலைக்கே ஆபத்து வரலாம், அந்த நேரம் பாத்து உங்க இடிஎஃப்பும் சரிஞ்சு கெடக்கும், பணம் தேவைப்படற அன்னைக்கு நஷ்டத்துல விக்கணும். யார் எந்தத் துறைல சம்பாதிக்கறாங்களோ அந்தத் துறை இடிஎஃப்பை தனியா வாங்காம இருக்கறது நல்லதுன்னு நான் உறுதியா நம்புறேன், நிஃப்டிக்குள்ள வர்ற ஐடி பங்கே போதும்.

பணத்தைப் பிரிக்கறதுன்னா ஒண்ணு விழும்போது இன்னொண்ணு சேர்ந்து விழாம இருக்கணும். 2020 ஜனவரில 12,430 தொட்ட நிஃப்டி மார்ச் 24-ம் தேதி 7,511 வரைக்கும் போச்சு, ரெண்டு மாசத்துல கிட்டத்தட்ட 40 சதவீதம். அன்னைக்கு உங்ககிட்ட இந்த ஆறு இடிஎஃப் இருந்திருந்தா ஆறுமே சிவப்புதான். அதே வருஷம் தங்கம் நல்லா ஏறுச்சு, பிஎஃப் பணம் அசையாம வட்டி வாங்கிக்கிட்டு இருந்துச்சு.

என்ன பண்ணலாம்னு கேட்டா, நிஃப்டி 50 ஒண்ணு மட்டும் வச்சுக்கோங்க. மூணுல எதுன்னா தினமும் நல்லா வாங்கல் விக்கல் நடக்கற, செலவு விகிதம் (ஃபண்டை நடத்தப் பிடிக்கற வருஷக் கட்டணம்) கம்மியா இருக்கறது. இதுல இப்போ 0.05 சதவீதத்தை ஒட்டியே கெடைக்குது, அதாவது லட்ச ரூபாய்க்கு வருஷத்துக்கு 50 ரூபாய் மாதிரி. கூட கொஞ்சம் நிஃப்டி நெக்ஸ்ட் 50, அது 51-ல இருந்து 100 வரைக்கும் உள்ள கம்பெனிங்க, ஏத்த இறக்கம் அதிகம், அதனால பங்குக்குன்னு ஒதுக்கற பணத்துல கால்வாசிக்கு மேல வேணாம். தங்கத்துல 10 சதவீதம். கடன் பத்திர பக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இபிஎஃப் இருக்கு, அதை மறந்துட்டு நெறைய பேர் கணக்கு போடறாங்க. இன்னொரு விஷயம், பிஎஃப் பணத்தை நிர்வாகம் பண்ற இபிஎஃப்ஓவே 2015 ஆகஸ்ட்ல இருந்து புதுசா வர்ற பணத்துல ஒரு பகுதியை இடிஎஃப்ல போடுது, முதல்ல 5 சதவீதம்னு ஆரம்பிச்சு அப்புறம் 15 வரைக்கும் போனாங்க, அதனால அந்தப் பக்கமும் உங்களுக்கு கொஞ்சம் பங்குச்சந்தை இருக்கு.

வேணாங்கறதை எல்லாம் நாளைக்கே வித்துத் தள்ளாதீங்க. வாங்கி 12 மாசம் ஆகாத யூனிட்டை வித்தா லாபத்துல 20 சதவீதம் வரி, 12 மாசம் தாண்டினா 12.5 சதவீதம், அதுலயும் ஒரு நிதியாண்டுல 1.25 லட்சம் வரைக்கும் லாபத்துக்கு வரி கெடையாது. முதல்ல அதுல புதுசா போடறதை நிறுத்துங்க, வருஷம் முடிஞ்ச யூனிட்டை மட்டும் அந்த வரம்புக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கோங்க.

மதுரைல இருந்து எழுதறேன், ஸ்கூல் டீச்சர். பொண்ணுக்கு 11 வயசு. வருஷா வருஷம் ரெண்டு பவுன் நகையா வாங்குவேன், இப்போ இருக்கற விலைக்கு முடியல. கோல்டு இடிஎஃப்ல மாசம் 5,000 போடச் சொல்றார் கூட வேலை பாக்குற சார். நம்பலாமா? வெள்ளி இன்னும் வேகமா ஏறுதுன்னு சொல்றாங்களே?

கோல்டு இடிஎஃப் நம்பகமானதுதான் டீச்சர். இந்தியால முதல் கோல்டு இடிஎஃப் 2007-ல வந்துச்சு, நீங்க போடற பணத்துக்கு 99.5 சதவீதத் தூய்மைல தங்கக் கட்டி வாங்கி கஸ்டோடியன்கிட்ட பாதுகாப்புல வைக்கறாங்க, பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தற செபியோட கண்காணிப்பு இருக்கு. கோல்டு பீஸ்னு சொல்ற இடிஎஃப்ல ஒரு யூனிட் சுமார் 0.01 கிராம், அதனால ரொம்பக் கம்மி பணத்துலயும் வாங்கலாம். செய்கூலி, சேதாரம் கெடையாது, நகை பில்லுல வர்ற 3 சதவீத ஜிஎஸ்டி உங்க தலைல விழாது, லாக்கர் வாடகையும் மிச்சம்.

ஆனா பொண்ணு கல்யாணத்துக்கு கழுத்துல போட நகைதானே வேணும், அப்போ இதை வித்து அந்தப் பணத்துல நகை வாங்கும்போது செய்கூலியும் ஜிஎஸ்டியும் கட்டித்தான் ஆகணும், விக்கற அன்னைக்கு லாபத்துக்கு வரியும் வரும் (12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா 12.5 சதவீதம், அதுக்குள்ள வித்தா உங்க வருமான வரி ஸ்லாப்படி). அப்படி இருந்தும் இடிஎஃப்பை ஏன் சொல்றேன்னா, இன்னும் பத்து பன்னெண்டு வருஷம் இருக்கு, இப்போ வாங்கற டிசைன் அப்போ பொண்ணுக்குப் பிடிக்காது, அழிச்சு மாத்தினா திரும்ப சேதாரம். கல்யாண வயசுல ஒரே தடவை செய்கூலி கட்டறது மேல். ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கோங்க, அவசரம்னா நகையை பேங்க்ல வச்சு அன்னைக்கே பணம் வாங்கிடலாம், இடிஎஃப் யூனிட்டை அந்த மாதிரி நகைக்கடனுக்கு வைக்க முடியாது, வித்துத்தான் எடுக்கணும். அதனால கைல இருக்கற நகையை அப்படியே வச்சுக்கோங்க, இனிமே சேர்க்கறதை இடிஎஃப்ல சேருங்க.

மாசம் 5,000-ஐயும் தங்கத்துலயே போடறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். தங்கம் எறங்கவே எறங்காதுன்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை, அது உண்மையில்ல. 2011-ல உலகச் சந்தைல அவுன்ஸ் 1,900 டாலர் வரைக்கும் போன தங்கம் 2015 டிசம்பர்ல 1,050 டாலர் பக்கம் வந்துச்சு, ரூபாய் மதிப்பு குறைஞ்சதால நமக்கு அடி அவ்வளவா தெரியல, ஆனா அந்த சில வருஷத்துல தங்கம் வச்சிருந்தவங்களுக்கு பேங்க் வட்டி அளவு கூட கெடைக்கல. பன்னெண்டு வருஷம் டைம் இருக்கறவங்க 3,000 நிஃப்டிலயும் 2,000 தங்கத்துலயும் போடலாம், கல்யாணத்துக்கு மூணு வருஷம் முன்னாடி இருந்து நிஃப்டி பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தங்கத்துக்கும் டெபாசிட்டுக்கும் மாத்திக்கலாம்.

வெள்ளி வேணாம்னு சொல்றதுக்கு ஒரு சம்பவம் இருக்கு. 2025 அக்டோபர்ல வெள்ளி மேல எல்லாருக்கும் ஆசை வந்து, நாட்டுல கட்டி வெள்ளிக்கே தட்டுப்பாடு ஆகி, சில்வர் இடிஎஃப் எல்லாம் உள்ள இருக்கற வெள்ளியோட மதிப்பை விட ரொம்ப அதிக விலைக்கு ஓடுச்சு. சில ஃபண்ட் கம்பெனிங்க அவங்க சில்வர் ஃபண்டுல ஒரே தடவைல பெரிய தொகையா (லம்ப்சம்) பணம் போடறதையே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சாங்க. அப்போ ஓடிப்போய் வாங்கினவங்க வெள்ளிக்கு மட்டும் இல்லாம அந்த அவசரத்துக்கும் சேர்த்து விலை கொடுத்தாங்க.

டீமேட் அக்கவுண்ட் கெடையாது, மாசம் 2,000 தான் முடியும். இடிஎஃப்பா, இன்டெக்ஸ் ஃபண்டா? – ஆட்டோ ஓட்டுநர், சேலம்

இன்டெக்ஸ் ஃபண்டு அண்ணே, அது நிஃப்டி மாதிரி ஒரு பட்டியலை அப்படியே பின்பற்றற, டீமேட் தேவைப்படாத மியூச்சுவல் ஃபண்டு. அதுலயும் ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான். இடிஎஃப்ல செலவு விகிதம் கம்மிதான், ஆனா புரோக்கரேஜ், விக்கும்போது டிபி சார்ஜ் (பங்கு வச்சுக்கற டீமேட் அக்கவுண்டை நடத்தற நிறுவனம், அதாவது டிபி, பிடிக்கற கட்டணம்), வாங்கற விலைக்கும் விக்கற விலைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி எல்லாம் சின்னத் தொகைக்கு பெருசா தெரியும். இன்டெக்ஸ் ஃபண்டுல 2,000 ரூபாயும் பைசா பாக்கி இல்லாம உள்ள போயிடும், தேதி வந்தா பேங்க்ல இருந்து தானா எடுத்துக்கும், சவாரியை விட்டுட்டு போனைப் பாத்துட்டு இருக்க வேணாம்.

தூத்துக்குடில ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன். வெளிநாட்டுலயும் கொஞ்சம் பணம் இருக்கட்டும்னு நாஸ்டாக் 100 இடிஎஃப் வாங்கினேன் சார். அமெரிக்கால அந்த இன்டெக்ஸ் ஏறிருக்குன்னு செய்தில சொல்றான், என் அக்கவுண்ட்ல நஷ்டம் காட்டுது. ஏமாத்துறாங்களா?

யாரும் ஏமாத்தல, ஆனா நீங்க அதிக விலைக்கு வாங்கிட்டீங்க. இதை கொஞ்சம் பொறுமையா சொல்றேன், இடிஎஃப் வாங்கற எல்லாருக்கும் இது தெரிஞ்சே ஆகணும்.

இடிஎஃப்புக்கு ரெண்டு மதிப்பு இருக்கு. ஒண்ணு உள்ள இருக்கற பங்குகளோட நிஜமான மதிப்பு, என்ஏவி. இன்னொண்ணு சந்தைல அதை வாங்கி விக்கற விலை. சாதாரணமா ரெண்டும் ஒட்டியே இருக்கும், ஏன்னா விலை மேல போனா மார்க்கெட் மேக்கர்ங்க (இடிஎஃப்பை எப்பவும் வாங்கி விக்கத் தயாரா இருக்கற நிறுவனங்க) ஃபண்ட் கம்பெனிகிட்ட பணத்தையோ பங்கையோ கொடுத்து புது யூனிட் உருவாக்கி சந்தைல விப்பாங்க, சரக்கு வந்ததும் விலை தானா எறங்கிடும். வெளிநாட்டு இடிஎஃப்ல அந்த வழி அடைஞ்சு கெடக்கு. இந்திய மியூச்சுவல் ஃபண்டுங்க எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுல 700 கோடி டாலர் வரைக்கும்தான் போடலாம், வெளிநாட்டு இடிஎஃப்ல போடறதுக்குத் தனியா 100 கோடி டாலர்னு வரம்பு. முதல் வரம்பு 2022 தொடக்கத்துலயே முட்டிருச்சு, ரெண்டாவது 2024-ல. புது யூனிட் உருவாக்க முடியாது, வாங்க ஆள் மட்டும் வந்துக்கிட்டே இருக்காங்க, அதனால விலை என்ஏவியை விட பல நாள் 10 சதவீதத்துக்கு மேலயும் போகுது.

உங்க கணக்கை இப்படி வச்சுப் பாருங்க. என்ஏவி 100 ரூபாயா இருந்தப்போ நீங்க 115-க்கு வாங்கினீங்க. இன்டெக்ஸ் 10 சதவீதம் ஏறி என்ஏவி 110 ஆச்சு, ஆனா கூட்டம் குறைஞ்சு சந்தை விலை என்ஏவியை விட 3 சதவீதம்தான் அதிகம்னு வந்துச்சுன்னா விலை 113 ரூபாய் சொச்சம். அமெரிக்கால ஏத்தம், உங்களுக்கு நஷ்டம்.

இதுக்கு மருந்து ஐஎன்ஏவி. ஒவ்வொரு இடிஎஃப்புக்கும் அந்த நேரத்து உத்தேச மதிப்பை எக்ஸ்சேஞ்ச் சைட்லயும் ஃபண்ட் கம்பெனி சைட்லயும் போடறாங்க, உள்நாட்டு பங்கு இடிஎஃப்புக்கு 15 செகண்டுக்குள்ள அது புதுப்பிக்கப்படணும்னு செபி விதி. வாங்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. நிஃப்டி இடிஎஃப்ல அரை சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா அன்னைக்கு விட்டுடுங்க. எப்பவும் இந்த விலைக்கு மேல வேணாம்னு சொல்ற லிமிட் ஆர்டர் போடுங்க, கெடைக்கற விலைக்கு வாங்கற மார்க்கெட் ஆர்டர் வேணவே வேணாம், யாரும் கண்டுக்காத இடிஎஃப்ல மார்க்கெட் ஆர்டர் போட்டா கண்ட விலைக்கு யூனிட் வந்து விழும். காலைல 9.15-க்கு சந்தை திறந்த முதல் கால் மணி நேரமும் சாயங்காலம் 3.30-க்கு முன்னாடி கடைசி கால் மணி நேரமும் தவிர்த்துடுங்க.

வாங்கினதை என்ன செய்யன்னா, மேல மேல வாங்கி ஆவரேஜ் பண்ணாதீங்க. திரும்ப பிரீமியம் (என்ஏவிக்கு மேல போற அந்த அதிக விலை) எகிறற நாள் வந்தா பாதியை வித்துடலாம், அப்போ அந்த அதிக விலை உங்க பக்கம் வேலை செய்யும். வெளிநாட்டுல போட்டே ஆகணும்னா எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் அனுமதிக்கற வழி) வழியா நேரா அங்க அக்கவுண்ட் திறந்து வாங்கலாம், ஒரு நிதியாண்டுல 10 லட்சம் ரூபாய் தாண்டி அனுப்பினா 20 சதவீதம் டிசிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிப்பாங்க, அதை ரிட்டர்ன்ல சரி கட்டிக்கலாம். கடைல சரக்குக்கே பணம் சுத்தற ஆளுக்கு இவ்ளோ தலைவலி தேவையான்னு நீங்களே யோசிங்க.

பாரத் பாண்ட் இடிஎஃப் எஃப்டி மாதிரியா? – தனியார் நிறுவன அக்கவுண்டன்ட், ஈரோடு

கிட்டத்தட்ட, ஆனா முழுசா அப்படி இல்ல. 2019 டிசம்பர்ல ஆரம்பிச்சது, அரசுத் துறை கம்பெனிகளோட டிரிபிள் ஏ ரேட்டிங் பத்திரங்கதான் உள்ள இருக்கும், 2030 ஏப்ரல் மாதிரி ஒரு முடிவு தேதி இருக்கும். அது வரைக்கும் தொடாம வச்சிருந்தா வாங்கும்போது தெரிஞ்ச வருமானத்துக்கு பக்கத்துல கெடைக்கும், நடுவுல வட்டி விகிதம் ஏறினா விலை எறங்கும், பயந்து வித்தா நஷ்டம். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கினதுக்கு லாபம் மொத்தமும் உங்க ஸ்லாப்படி வரி, அந்த வகைல இப்போ எஃப்டியும் இதுவும் ஒண்ணுதான்.

ராஜபாளையத்துல ஒரு மில்லுல ரிடையர் ஆனேன், வயசு 62. பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 32 லட்சம் பேங்க்ல கெடக்கு. பென்ஷன் சொற்பம். மகன் சென்னைல இருக்கான், மொத்தத்தையும் நிஃப்டி இடிஎஃப்ல போடுங்கப்பா, பத்து வருஷத்துல எங்கயோ போயிடும்ங்கறான். என்ன செய்யட்டும்?

மொத்தமா போடாதீங்க ஐயா. மகன் உங்க நல்லதுக்குத்தான் சொல்றார், அவர் வயசுக்கு அது சரியான யோசனை. அவருக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது, சந்தை விழுந்தா காத்திருக்கலாம். நீங்க காத்திருக்கற காலத்துலயும் அரிசி பருப்பு வாங்கணும், மருந்து வாங்கணும்.

2008 ஜனவரில நிஃப்டி 6,357 போச்சு. அதே வருஷம் அக்டோபர்ல 2,252. அந்த ஜனவரில 32 லட்சம் போட்டிருந்தா அக்டோபர்ல 11 லட்சம் சொச்சம்தான் கணக்குல தெரிஞ்சிருக்கும். 2010-ல பழைய உயரத்துக்கு வந்து திரும்ப சறுக்கி, அதை நிலையா தாண்டிப் போனது 2014-லதான். நடுவுல மாசா மாசம் செலவுக்கு வித்துத் தின்னிருந்தா, சந்தை மீண்டப்போ மீள்றதுக்கு உங்ககிட்ட யூனிட்டே மிஞ்சிருக்காது. ரிடையர் ஆனவங்களுக்கு உண்மையான ஆபத்து இதுதான், சந்தை விழறது கூட இல்ல, விழுந்த நேரத்துல விக்க வேண்டி வர்றது.

முதல்ல 20 லட்சத்தை போஸ்ட் ஆபீஸ்லயோ பேங்க்லயோ சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல போடுங்க. ஒருத்தர் 30 லட்சம் வரைக்கும் போடலாம், அஞ்சு வருஷம், வட்டி 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை 41,000 ரூபாய் உங்க கைக்கு வரும். 6 லட்சம் பேங்க் டெபாசிட்ல, ரெண்டு பேங்க்ல பிரிச்சு வைங்க, ஏன்னா டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஒரு பேங்குக்கு 5 லட்சம் வரைக்கும்தான். அது ஆஸ்பத்திரி செலவுக்கும் திடீர் தேவைக்கும். மிச்சம் இருக்கற 6 லட்சத்துல 2 லட்சம் தங்கத்துல, 4 லட்சம் மகன் சொல்ற நிஃப்டி இடிஎஃப்ல, அதையும் ஒரே நாள்ல வேணாம், ஒண்ணரை வருஷத்துக்கு மாசா மாசம் பிரிச்சுப் போடுங்க.

இந்தக் கொஞ்சம் கூட எதுக்குன்னு கேக்கலாம். 8.2 சதவீத வட்டி அஞ்சு வருஷம் கழிச்சும் அதே 41,000 தான், பால் விலையும் மாத்திரை விலையும் அங்கயே நிக்காது. உங்களுக்கு 75 வயசு ஆகும்போது அந்த 4 லட்சத்தோட வேலை ஆரம்பிக்கும். இந்தக் கணக்கை மகனுக்கும் காட்டுங்க, அவர் புரிஞ்சுப்பார்.

அமெரிக்கால கிரீன் கார்டுல இருக்கேன், இந்திய இடிஎஃப் வாங்கலாமா?

வேணாம். அமெரிக்க வரி கட்டறவங்களுக்கு இந்திய மியூச்சுவல் ஃபண்டும் இடிஎஃப்பும் பிஃபிக் (அமெரிக்க வரிச் சட்டத்துல வெளிநாட்டு ஃபண்டுகளுக்கான தனி வகை) வகைல வரும், அதுக்குன்னு தனியா ஃபார்ம் 8621, கடுமையான வரி, ஆடிட்டர் ஃபீஸ்லயே லாபம் போயிடும். இந்தியா மேல நம்பிக்கை இருந்தா அங்கயே பட்டியலான, இந்தியப் பங்குகள்ல போடற இடிஎஃப் வாங்குங்க.

என் கணவர் போன வருஷம் தவறிட்டார். அவர் டீமேட் அக்கவுண்ட்ல நிஃப்டி பீஸும் கோல்டு பீஸும் இருக்கு, நான்தான் நாமினி. பாஸ்வேர்டு தெரியும். வித்து எடுத்துக்கலாமா? – கும்பகோணம் வாசகி

பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் அதுல உள்ள போய் விக்காதீங்கம்மா, அவர் இல்லாதப்போ அவர் அக்கவுண்ட்ல ஆர்டர் போடறது சட்டப்படி தப்பு, பின்னாடி சிக்கலாகும். முதல்ல உங்க பேர்ல ஒரு டீமேட் அக்கவுண்ட் திறங்க. அப்புறம் அவர் அக்கவுண்ட் எந்த டிபிகிட்ட இருந்துச்சோ அவங்ககிட்ட டிரான்ஸ்மிஷன் ஃபார்ம் (இறந்தவர் பேர்ல இருக்கறதை நாமினி பேருக்கு மாத்தற விண்ணப்பம்), இறப்புச் சான்றிதழ், உங்க கேஒய்சி பேப்பர் எல்லாம் கொடுத்தா யூனிட் அப்படியே உங்க அக்கவுண்டுக்கு வந்துடும். நாமினியா நீங்க இருக்கறதால ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியா அலைய வேணாம், டீமேட்ல இருக்கறது எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும். நாமினிங்கறது அதை வாங்கி வச்சுக்கற உரிமை, வேற வாரிசுகள் இருந்தா அவங்க பங்கு அப்படியே இருக்கும், அதையும் வீட்டுல பேசிக்கோங்க.

உங்க பேருக்கு மாறும்போது வரி எதுவும் கெடையாது. பின்னாடி நீங்க விக்கும்போது அவர் வாங்கின விலையும் அவர் வாங்கின தேதியும்தான் கணக்கு, அதனால அவரோட பழைய கான்ட்ராக்ட் நோட் எல்லாம் மெயில்ல இருந்து எடுத்து பத்திரமா வைங்க. வந்ததும் உங்க அக்கவுண்ட்ல நாமினி பேரைச் சேர்த்துடுங்க, இப்போ பத்து பேர் வரைக்கும் சேர்க்கலாம். விக்கறதுக்கு அவசரப்படாதீங்க, அடுத்த ரெண்டு மூணு வருஷ வீட்டுச் செலவுக்கு பேங்க்ல பணம் இருக்கான்னு மட்டும் பாத்து எனக்கு எழுதுங்க, அதை வச்சு எதை எவ்ளோ விக்கலாம்னு அடுத்த இதழ்ல விவரமா சொல்றேன்.